மாமல்லன் மார்புக் கவசம் அணிந்தாரா?

அரசர் காலத்துப் படம் ஒன்றாவது ஓடாத வார இறுதி நம் நான்கு பிளாக்குகளில் எந்த வீட்டிலும் இருக்காது என்று நினைக்கிறேன். ஓ.டி.டி. வந்தபின் கிரேக்க வீரர்களும் சோழ வீரர்களும் ஒரே ரிமோட்டில் வந்துவிட்டார்கள். அடுத்த நாள் லிஃப்டில் கேட்கிற கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "இதெல்லாம் நிஜமா நடந்ததா?"

நாம் குடியிருப்பது செங்கல்பட்டுப் பக்கம். அரை மணி, ஒரு மணி நேரப் பயணத்தில் 1300, 1400 ஆண்டுகளுக்கு முந்தைய சான்றுகள் பாறையிலேயே நிற்கின்றன. எனவே இந்தக் கேள்விக்கு விடை தேட மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு வசதி அதிகம். அந்த விடையைக் கொஞ்சம் தேடிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கிரேக்கர்களிடமிருந்து தொடங்கலாம். 2006-இல் எடுக்கப்பட்ட '300' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கி.மு. 480-இல் தெர்மோபைலே கணவாயில் பாரசீகப் படையை ஸ்பார்ட்டா வீரர்கள் தடுத்து நின்ற கதை. படத்தில் அவர்கள் வெற்று மார்போடு, இடையில் ஒரு தோல் துண்டும் தோளில் சிவப்புப் போர்வையுமாகப் போரிடுகிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்து விளம்பரத்துக்கு அது பொருத்தம். உண்மையில் அந்தக் காலக் கிரேக்கக் காலாட்படை வீரன் வெண்கலத் தலைக்கவசம், வெண்கலத்தாலோ பல அடுக்குத் துணியாலோ ஆன மார்புக் கவசம், முழங்காலுக்குக் கீழே காலுறைபோல ஒரு உலோகக் காப்பு, பெரிய வட்டக் கேடயம் எல்லாம் அணிந்து நின்றவன். அதோடு அங்கே நின்றவர்கள் 300 பேர் மட்டுமல்ல. மற்ற கிரேக்க ஊர்களிலிருந்து வந்த சில ஆயிரம் பேர் உடன் இருந்தார்கள். தெஸ்பியே என்ற சிற்றூரிலிருந்து வந்த 700 பேர் கடைசி நாள் வரை நின்று மடிந்தார்கள். அவர்கள் பெயரில் படம் வரவில்லை. சுதந்திரம், சுதந்திரம் என்று படம் முழுக்க முழங்கும் ஸ்பார்ட்டா, ஹெலட்டுகள் என்ற அடிமைக் குடிகளின் உழைப்பில் வாழ்ந்த நாடு என்பதும் படத்தில் இல்லை. பாரசீகர்களைக் காட்டிய விதத்துக்கு ஈரான் அரசே எதிர்ப்புத் தெரிவித்தது.

2004-இல் வந்த 'டிராய்' வேறு வகை. ஹோமரின் காவியத்தில் பத்து ஆண்டு நடக்கும் போர், படத்தில் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. ஹெலனின் கணவன் மெனலாஸ் கிரேக்கக் கதையில் மனைவியோடு ஊர் திரும்புகிறான். படத்தில் பாதியிலேயே கொல்லப்படுகிறான். இதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. டிராய்ப் போரே காவியம். காவியத்தை மாற்றிச் சொல்வது நம் ஊர்த் தெருக்கூத்துக்காரர்களும் காலங்காலமாகச் செய்துவருவதுதான். தெர்மோபைலே அப்படியல்ல. அது நடந்த போர்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். இங்கே நேர் எதிரான வேடிக்கை. கவசம் போட்டுப் போரிட்ட கிரேக்கனுக்கு சினிமா சட்டையைக் கழற்றியது. வெற்று மார்போடு சிற்பங்களில் நிற்கும் நம் வீரனுக்கு சினிமா உலோகக் கவசத்தை மாட்டிவிட்டது. மார்பை மூடிய உலோகத் தகடு, தோளில் செதில் செதிலாகக் காப்பு, முழங்கை வரை தோல் பட்டை. அடுத்த முறை ஒரு அரசர் படம் பார்க்கும்போது கவனியுங்கள். பாதி ரோமானியப் படத்திலிருந்தும் பாதி தொலைக்காட்சித் தொடரிலிருந்தும் வந்த உடையாக இருக்கும்.

அப்படியானால் பல்லவ வீரன் எப்படி இருந்தான்? மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்துக்கு அருகே மகிஷாசுரமர்த்தினி குகைக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலோர் அர்ச்சுனன் தபசு, வெண்ணெய்ப் பந்து, கடற்கரைக் கோயில், பொரித்த மீன் என்று நான்கே நிறுத்தங்களில் திரும்பிவிடுகிறோம். இந்தக் குகையின் ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின்மேல் வில்லோடு துர்க்கை. எதிரே எருமைத் தலை மகிஷன், கையில் பெரிய கதை, தலைக்குமேல் குடை. இரு தரப்பிலும் வாளும் கேடயமும் ஏந்தியவர்கள். ஒரு பக்கம் முன்னேறுகிறது, மறுபக்கம் பின்வாங்கிச் சாய்கிறது. தேவர் அசுரர் கதைதான். ஆனால் சிற்பி வாளையும் கேடயத்தையும் உடையையும் தன் கண்ணால் கண்டதிலிருந்துதானே எடுத்திருப்பான்? அங்கே இடையில் கட்டிய துணி இருக்கிறது. அணிகலன் இருக்கிறது. இரும்புச் சட்டை இல்லை.

அரசர்களே எப்படி இருந்தார்கள் என்பதற்கும் சான்று அதே ஊரில் உண்டு. ஆதிவராகர் குகைக் கோயிலில் இரண்டு அரச உருவங்கள் தேவியரோடு செதுக்கப்பட்டு, மேலே சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உயரமான மகுடம், அணிகள், வெற்று மேனி. ஒருவர் அமர்ந்திருக்கிறார், மற்றவர் தேவியின் கையைப் பிடித்துக் கருவறை நோக்கி அழைத்துச் செல்கிறார். இது வழிபாட்டில் உள்ள கோயில், எல்லா நேரமும் திறந்திருக்காது. விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

அரண்மனைச் சிற்பம் ஒரு பக்கம் இருக்கட்டும், சாதாரண வீரனைப் பார்க்க வேண்டுமானால் நடுகற்களைப் பார்க்க வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஆடுமாடு கவரும் சண்டையிலும் ஊர்க்காவலிலும் இறந்தவர்களுக்கு எடுத்த கற்கள். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், முடிந்த கொண்டை, இடையில் இறுக்கிய துணி. அவ்வளவுதான் ராணுவ உடை. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து ஒரு நடுகல் உண்டு. அதில் வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வரைக் கடித்தது என்றும் கல்லில் எழுதியிருக்கிறார்கள். (நாய் வளர்ப்பு பற்றி நம் பொதுக்குழுவில் நடக்கும் விவாதத்தில் இரு தரப்பும் இந்தக் கல்லைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம்.) எந்தப் பல்லவர் படத்திலும் இந்த நாயை நான் பார்க்கவில்லை. ஒரு இயக்குநர் இதைவிட நல்ல பாத்திரத்தை எங்கே தேடப்போகிறார்?

கவசமே தமிழருக்குத் தெரியாது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடாதீர்கள். சங்கப் பாடல்களில் மெய்ம்மறை என்ற சொல் உண்டு. புறநானூற்றில் ஒரு மன்னன் புலித்தோல் கவசத்தோடு யானைமேல் வருகிறான். தலைவர்களுக்குத் தோல் கவசம் இருந்திருக்கிறது. ஆனால் படை முழுவதும் தகடு பூட்டி நின்றதாகக் காட்டுவதற்கு ஆதாரம் இல்லை. நம் வெயிலில் ஐப்பசியிலேயே ஒரு கோட்டுப் போட்டுக்கொண்டு கல்யாண ரிசப்ஷனில் நிற்க முடியவில்லை. சித்திரையில் இரும்புத் தகட்டோடு காஞ்சியிலிருந்து வாதாபிவரை நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு சுவையான சான்று முல்லைப்பாட்டில் கிடைக்கிறது. 103 அடிகளே கொண்ட சிறிய பாட்டு. அதில் போர்ப் பாசறையில் அரசனின் கூடாரத்தைக் காவல் காப்பவர்கள் யவனர்கள். யவனர் என்ற பெயர் அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து வந்தது. பிறகு ரோமானியர் உட்பட மேற்கிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் பொதுவாயிற்று. அந்த யவனர்களை வருணிக்கும் புலவர், அவர்கள் மெய்ப்பை அணிந்திருந்ததைத் தனியாகச் சொல்கிறார். மெய்ப்பை என்றால் உடம்புக்கு ஒரு பை, அதாவது சட்டை. அவர்கள் தோற்றமே அச்சம் தருவது என்கிறார். சட்டை போட்டவனைப் பார்த்து வியந்து எழுதுகிறார் என்றால் சுற்றி இருந்த நம் ஆட்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. கிரேக்க வீரனும் தமிழ் வீரனும் ஒரே பாசறையில் நின்ற காட்சி இது. ஹாலிவுட்டும் எடுக்கவில்லை, கோடம்பாக்கமும் எடுக்கவில்லை. அந்த மேற்கு நாட்டு வணிகம் நம் கடற்கரையையும் தொட்டது: கல்பாக்கத்துக்குத் தெற்கே, பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகே வசவசமுத்திரத்தில் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன.

உடையைவிட முக்கியமான விஷயம் ஆட்களும் நிகழ்ச்சிகளும். பல்லவர் பற்றித் தமிழில் வந்த படம் என்றால் 1960-இல் வந்த 'பார்த்திபன் கனவு' முதலில் நினைவுக்கு வரும். (2003-இல் அதே பெயரில் வந்தது குடும்பப் படம், அதைத் தேடிப் பிடித்துவிட்டு என்னிடம் பல்லவர் எங்கே என்று கேட்காதீர்கள்.) ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா, மாமல்லனாக எஸ்.வி. ரங்காராவ். கல்கியின் நாவல்தான் மூலம். அதில் நரசிம்மவர்மன் உண்மை. வாதாபி வெற்றி உண்மை. பார்த்திப சோழனும் அவன் மகன் விக்கிரமனும் கல்கியின் கற்பனை. 'சிவகாமியின் சபத'த்தில் பரஞ்சோதி என்ற சிறுத்தொண்டர் பெரியபுராணத்தில் இருக்கிறார், வாதாபிக்குப் படை நடத்தியதாகவே சேக்கிழார் பாடுகிறார். சிவகாமியும் அவள் தந்தை ஆயனரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு குடியிருப்பின் பொங்கல் விழா வினாடி-வினாவில் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். "மாமல்லன் யாருக்காக வாதாபிமேல் படையெடுத்தான்?" என்பது கேள்வி. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அவன் அப்பா காலத்தில் புலிகேசி படையெடுத்து வந்ததற்குப் பதிலடி" என்றாள். விடைத்தாளில் "சிவகாமி" என்று இருந்தது. மதிப்பெண் இல்லை. அந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். நாவலும் படமும் பெரியவர்கள் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கும்போது, பாடப் புத்தகத்தைப் படித்தவள்தான் தோற்கிறாள். கல்கிமேல் இதற்குப் பழி போட முடியாது. அவர் நாவல் என்றுதான் எழுதினார். நாம்தான் முன்னுரையைத் தாண்டிவிட்டுப் படிக்கிறோம்.

அந்தப் பெண் சொன்ன பதிலடிக்குச் சான்று என்ன? கர்நாடகத்து ஐஹொளெயில் கி.பி. 634-ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று. ரவிகீர்த்தி என்ற கவி எழுதியது. புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னனின் ஒளி மங்கி, அவன் காஞ்சியின் மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்கிறது. பல்லவர் பக்கத்துச் செப்பேடோ மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றதாகச் சொல்கிறது. இருவரும் தம் கட்சியைத்தான் எழுதியிருக்கிறார்கள். பிறகு மகேந்திரன் மகன் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசியைத் தோற்கடித்தான் என்று கூரம் செப்பேடு பாடுகிறது: ஓடும் புலிகேசியின் முதுகில், ஏட்டில் எழுதுவதுபோல, வெற்றி என்ற சொல்லை எழுதினானாம். கவிதை மிகையானாலும் செய்தி தெளிவு. கி.பி. 642 அளவில் வாதாபி விழுந்தது. இன்றைய பாதாமியில் ஒரு பாறையில் சிதைந்த நிலையில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு இன்னும் இருக்கிறது.

மணிமங்கலம் என்ற பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்களா? தாம்பரத்துக்கு மேற்கே இருக்கும் அதே மணிமங்கலம்தான். பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். நம்மில் சிலர் ஒரகடத்து வேலைக்குப் போகும்போது அந்த வட்டாரத்தைக் கடக்கிறோம். மனை விளம்பரப் பலகைகளும் ஏரியும் கண்ணில் படும். தென்னிந்திய வரலாற்றைத் திருப்பிய சண்டைகளில் ஒன்று அங்கே நடந்தது என்று சொல்லும் பலகை எதையும் நான் பார்த்ததில்லை. படங்களிலோ புலிகேசி எப்போதும் ஏதோ தூர தேசத்துப் பாலைவனத்தில் தோற்கிறான்.

திருக்கழுக்குன்றத்துக்கும் போகலாம். அங்கே ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பழைய கோயில் நிலக்கொடையைப் புதுப்பிக்கிறது. அந்தக் கொடையை முன்பே உறுதி செய்தவர் யார் என்று சொல்லும்போது "வாதாபி கொண்ட" என்ற அடைமொழியோடு நரசிங்கப் போத்தரையரைக் குறிப்பிடுகிறது. போர் முடிந்து இருநூறு ஆண்டுக்கும் மேல் கழிந்து, ஆட்சியும் சோழர் கைக்கு மாறியபிறகும், நம் ஊர்க்காரர்கள் அவரை அந்தப் பட்டப் பெயரால்தான் நினைவில் வைத்திருந்தார்கள். மலைமேல் உள்ள ஒருகல் மண்டபம் பல்லவர் குகை. அதன் சுவரில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். சுற்றுலா போன இடத்தில் பெயர் எழுதும் பழக்கம் நம்மோடு தொடங்கவில்லை.

பின்னணியிலும் கண் வையுங்கள். மாமல்லன் கடற்கரைக் கோயில் முன்னால் நின்று வசனம் பேசினால் அது தவறு. அந்தக் கோயிலை எழுப்பியவர் இரண்டாம் நரசிம்மவர்மன் என்ற ராஜசிம்மன், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவர். மாமல்லன் இறந்து பல ஆண்டுகள் கழித்து வந்தது. வானளாவும் கோபுரங்கள் பின்னணியில் தெரிந்தாலும் தவறு; அவை பிற்காலச் சோழரோடும் விஜயநகரத்தாரோடும் வந்தவை. விநாயகர் சதுர்த்திக்கு நாம் ஒலிபெருக்கியில் போடும் 'வாதாபி கணபதிம்' பாட்டு நினைவிருக்கிறதல்லவா? வாதாபியிலிருந்து பிள்ளையாரைச் சிறுத்தொண்டர் கொண்டுவந்தார் என்பது செவிவழிச் செய்தி. பெரியபுராணம் மணிகள், யானை, குதிரை எல்லாம் கொண்டுவந்ததைச் சொல்கிறது, பிள்ளையாரைச் சொல்லவில்லை. பாட்டைப் போடுங்கள், அது நல்ல பாட்டு.

2011-இல் வந்த 'ஏழாம் அறிவு' பற்றியும் கேட்பீர்கள். போதிதர்மர் காஞ்சிப் பல்லவ இளவரசர் என்று படம் உறுதியாகச் சொல்கிறது. சீனத்தில் அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு கி.பி. 547-ஐச் சேர்ந்தது, அது அவரைப் பாரசீகர் என்கிறது. அடுத்த குறிப்பு தென்னிந்திய அரசர் ஒருவரின் மகன் என்கிறது. பல்லவர் என்றோ காஞ்சி என்றோ அந்தப் பழைய குறிப்புகளில் இல்லை. தற்காப்புக் கலையோடு அவரைச் சேர்க்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தென்னிந்தியர் என்பதற்கு இடம் உண்டு. நோக்கு வர்மம் எல்லாம் திரைக்கதை.

'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகங்களிலும் நந்தினி கற்பனை. ஆனால் ரவிதாசன் என்ற பெயர் உடையார்குடிக் கல்வெட்டில், ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பட்டியலில், அப்படியே இருக்கிறது. கதையில் வில்லன் போலத் தோன்றுகிறவன் உண்மை, நாம் மறக்க முடியாத அழகி பொய். இதைச் சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

படம் எடுப்பவர் தேதி தவறலாம், ஆள் சேர்க்கலாம். அது கலைஞரின் உரிமை என்பது என் கருத்து. எனக்கு உள்ள குறை வேறு. உண்மையில் இருந்த நல்ல காட்சிகளை விட்டுவிடுகிறார்கள். இலங்கை இளவரசன் மானவர்மன் நாடிழந்து நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் வந்து, அவனோடு சேர்ந்து சாளுக்கியரை எதிர்த்ததைச் சூளவம்சம் சொல்கிறது. இருவரும் ஒரே இளநீரைப் பகிர்ந்து குடித்த நிகழ்ச்சியும் அதில் உண்டு. வாதாபிப் போரில் நம் பக்கம் நின்ற சிங்கள இளவரசனை எந்தப் படம் காட்டியது?

இன்னொன்று, அடுத்த நூற்றாண்டில் நடந்தது. வாதாபிக்குப் பழிவாங்க சாளுக்கியர்கள் காத்திருந்தார்கள். கி.பி. 740 அளவில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். படமாக இருந்தால் இந்த இடத்தில் நகரம் எரிய வேண்டும். விக்கிரமாதித்தன் கைலாசநாதர் கோயிலுக்குள் போனான், அங்கிருந்த செல்வத்தைப் பார்த்தான், அதைத் தொடாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைக் கன்னடத்தில் அந்தக் கோயில் மண்டபத் தூணிலேயே எழுதிவைத்துவிட்டுப் போனான். பிறகு காஞ்சி மீண்டும் பல்லவர் கைக்கு வந்தது. அவர்களும் அந்த எழுத்தை அழிக்கவில்லை. அடுத்த முறை பட்டுப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போகும்போது கைலாசநாதர் கோயிலுக்கும் போய்வாருங்கள். கருவறைக்கு முன்னுள்ள மண்டபத் தூண்களில் தேடினால் அந்தக் கன்னட எழுத்துகள் இன்றும் தெரியும்.